தண்டவாளத்துப் பக்கம் போன பிறகு கிடைத்த ஆட்டக்காரர்கள்: விளம்பரப் பணம் இல்லாத ஒரு இண்டி கேமின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

இந்தப் பதிவில் வரும் இருவரும் முழுநேர வேலையில் இருந்துகொண்டே மாலைகளிலும் விடுமுறைகளிலும் ஒரு கேம் செய்தவர்கள். ஒருவர் நிரல் எழுதினார். மற்றவர் ஓவியத்தையும் ஒலியையும் பார்த்துக்கொண்டார். பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் நிரலாளர், ஓவியர் என்றே குறிப்பிடுகிறேன். கேமின் பெயரையும் தவிர்க்கிறேன். நான் மூன்றாவது ஆள். வெளியீட்டுக்கு ஏழு வாரம் இருக்கும்போது கணினி கேம்களை விற்கும் ஸ்டீம் இணையக் கடையில் அவர்கள் கேமுக்கான கடைப்பக்கத்தின் வாசகத்தைத் திருத்தித் தரச் சொல்லி அழைத்தார்கள். அது ஒரு மாலை வேலை என்று நினைத்துப் போனேன். வெளியீடு முடிந்து ஆறு மாதம் வரை கூடவே இருந்தேன்.

நீராவி ரயில் காலத்து சிக்னல் கேபின் ஒன்றில் நடக்கும் கேம் அது. ஆட்டக்காரர் முன்னால் 24 லீவர்கள். பக்கத்து கேபினிலிருந்து மணி அடிக்கும். எந்த ரயில் வருகிறது என்பதை மணியின் எண்ணிக்கையிலிருந்து புரிந்துகொண்டு, தண்டவாளங்கள் பிரியும் இடங்களான பாயின்ட்களைத் திருப்பி, கைகாட்டியை இறக்கி வழிவிட வேண்டும். ஓர் இரவு ஒரு கட்டம். ரயில் கண்ணில் படுவது சில நொடிகள்தான். மற்ற நேரமெல்லாம் லீவர், மணி, சன்னலுக்கு வெளியே பனிமூட்டம். நான் முதல்முறை ஆடியபோது இரவு இரண்டரை ஆகிவிட்டது. கேம் நல்ல கேம் என்பதில் அன்றிலிருந்து இன்றுவரை எனக்குச் சந்தேகம் வந்ததில்லை. இந்த ஆய்வை எழுதுவதற்கே அதுதான் காரணம். ஒரு நல்ல கேம் யார் கண்ணிலும் படாமல் போக இருந்தது.

கையில் இருந்த பணம் ஸ்டீமில் ஒரு கேமுக்குக் கட்ட வேண்டிய 100 டாலர் மட்டும். அதையும் கட்டி முடித்திருந்தார்கள். 2017-இல், ஆட்டக்காரர்கள் வாக்களித்துக் கேம்களைத் தேர்ந்தெடுத்த கிரீன்லைட் முறையை, ஸ்டீமை நடத்தும் வால்வ் நிறுவனம் எடுத்துவிட்டு இந்தக் கட்டண முறையைக் கொண்டுவந்தது. அதன்பிறகு கடைக்குள் நுழைவது எளிது. நுழைந்தபின் கூட்டத்துக்குள் தெரிவது கடினம்.

நான் போனபோது கண்டவை

கடைப்பக்கம் திறந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. பின்னால் வாங்கலாம் என்று குறித்துவைக்கும் விஷ்லிஸ்டில் கேமைச் சேர்த்தவர்கள் இருநூற்றுச் சொச்சம் பேர். அவர்களில் கணிசமானோர் தெரிந்தவர்கள், உடன் வேலை செய்பவர்கள். இத்தனைக்கும் ஐந்து மாதமும் இருவரும் சும்மா இருக்கவில்லை. வாரத்துக்கு மூன்று பதிவு, ஒவ்வொன்றுக்கும் புதுப் படம் அல்லது சிறு அசைபடம். பதிவுகளுக்கு விருப்பங்களும் நிறைய வந்தன. "இவ்வளவு பேர் பாராட்டுகிறார்கள், ஏன் யாரும் பட்டியலில் சேர்ப்பதில்லை?" என்றுதான் ஓவியர் என்னிடம் முதலில் கேட்டார்.

விருப்பம் தெரிவித்தவர்களின் பக்கங்களை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தோம். அதற்கு ஒரு மாலை ஆயிற்று. ஏறக்குறைய எல்லாருமே கேம் செய்பவர்கள். பதிவுகளில் போட்டிருந்த ஹேஷ்டேக்குகள் எல்லாம் உருவாக்குநர்கள் ஒருவரையொருவர் கண்டுகொள்ளப் பயன்படுத்துபவை. எழுதியதும் அவர்களுக்கான விஷயம்தான்: பனிமூட்டத்துக்கு எப்படி ஷேடர் (ஒளியையும் நிறத்தையும் கணக்கிடும் நிரல்) எழுதினோம், லீவர் அசைவை எப்படிச் சீராக்கினோம். தொழில் தெரிந்தவர்கள் தொழில் நேர்த்தியைப் பாராட்டினார்கள். அந்தப் பாராட்டு உண்மையானது. வாங்கி ஆட வேண்டும் என்ற ஆசையிலிருந்து வந்ததல்ல, அவ்வளவே.

அடுத்து கடைப்பக்கம். கேமைப் பற்றி ஒன்றும் தெரியாத மூன்று பேரிடம் அந்தப் பக்கத்தைப் பத்து நொடி காட்டி மூடிவிட்டு, "இந்தக் கேமில் என்ன செய்ய வேண்டும்?" என்று தனித்தனியே கேட்டோம். ஒருவர், "ஏதோ துறைமுகம், பேய்க்கதை போலிருக்கிறது" என்றார். ஒருவர் தெரியவில்லை என்றார். மூன்றாமவர் ரயில் என்று சொன்னார். ஆனால் ரயிலை ஓட்டும் கேம் என்று நினைத்திருந்தார். நிரலாளர் அன்று இரவு அதிகம் பேசவில்லை.

காரணங்கள் மறைந்திருக்கவில்லை. கடையில் கேமுக்கு முகமாக நிற்கும் கேப்ஸ்யூல் படத்தில் கருநீலப் பின்னணி, மெல்லிய எழுத்து. தேடல் பட்டியலில் சிறிதாகும்போது பெயரே வாசிக்க முடியவில்லை. ட்ரெய்லரின் முதல் ஒன்பது நொடி குழுவின் சின்னமும் பனியும்தான். குறுவிவரணையில், "காத்திருத்தலையும் ஒழுங்கையும் பற்றிய தியான அனுபவம்" என்று எழுதியிருந்தார்கள். முந்நூறு எழுத்துக்குள் அடங்க வேண்டிய அந்தச் சிறு இடத்தில் லீவர் இல்லை, மணி இல்லை, சிக்னல் என்ற சொல்லே இல்லை. கேமின் வகையைக் குறிக்கும் டேகுகளில் 'புதிர்', 'மினிமலிஸ்ட்', 'சூழலுணர்வு' இருந்தன. ஸ்டீமில் 'ரயில்கள்' என்று ஒரு டேகே உண்டு, அதைச் சேர்க்கவில்லை. ஏன் என்று கேட்டதற்கு, "ரயில் என்று போட்டால் சிமுலேஷன் ஆட்கள் வந்து ஏமாந்துபோவார்கள் என்று பயந்தோம்" என்றார்கள். யாரைத் தேடிப் போயிருக்க வேண்டுமோ அவர்களையே வாசலில் நிறுத்தியிருந்தார்கள் என்பது எங்கள் மூவருக்குமே அப்போது தெரியாது.

முதல் முடிவு: தேதியைத் தள்ளுவது

இதில்தான் அதிக விவாதம் நடந்தது. நிரலாளர் தள்ளிவைக்கச் சம்மதிக்கவில்லை. மூன்று ஆண்டு உழைப்பு, உடலும் மனமும் களைத்திருந்தன, தேதியை எல்லாரிடமும் சொல்லியாயிற்று. "வெளியிட்டுவிட்டு மெதுவாக விளம்பரம் பார்ப்போம்" என்பது அவர் கட்சி.

என் கட்சிக்கு மூன்று காரணம் இருந்தது. கேம் வெளியாகும் நாளில், விஷ்லிஸ்டில் சேர்த்த எல்லாருக்கும் ஸ்டீம் தானே மின்னஞ்சல் அனுப்பும். பணம் இல்லாதவர்களுக்குக் கிடைக்கிற மிகப் பெரிய விளம்பரம் அது. வெளியீட்டுக்கு ஒரேயொரு முறைதான். இருநூறு பேருக்கு அதைச் செலவழிப்பதா? இரண்டாவது, ஸ்டீம் நெக்ஸ்ட் ஃபெஸ்ட். ஆண்டுக்கு மூன்று முறை, ஒரு வாரம் நடக்கும் டெமோ விழா. கட்டணம் கிடையாது. ஆனால் ஒரு கேம் ஒரு முறைதான் கலந்துகொள்ளலாம், அதுவும் வெளியாவதற்கு முன்பு. இப்போதே வெளியிட்டால் அந்த வாய்ப்பு போய்விடும். மூன்றாவது காரணம் நிர்வாகம் சார்ந்தது. வெளியீட்டுக்கு இரண்டு வாரத்துக்குள் வந்துவிட்டால் தேதியை நாமாக மாற்ற முடியாது, வால்விடம் கேட்க வேண்டும். இன்னும் ஏழு வாரம் இருந்ததால் இப்போது சிக்கல் இல்லை.

இரண்டு நாள் கழித்து ஓவியர்தான் தீர்த்துவைத்தார். "எனக்கும் களைப்புதான். ஆனால் இதை யாரும் பார்க்காமல் விட்டால் அந்தக் களைப்பு தீரவே தீராது" என்றார். ஐந்து மாதம் தள்ளினோம். அதற்கு ஒரு நிபந்தனையும் போட்டுக்கொண்டோம்: வாரத்துக்கு ஆறு மணி நேரத்துக்கு மேல் விளம்பர வேலை இல்லை, கேமில் புதிதாக எதையும் சேர்ப்பதில்லை. இரண்டாவது பாதியைப் பெரும்பாலும் காப்பாற்ற முடிந்தது. முதல் பாதி மூன்றாம் வாரமே உடைந்துவிட்டது.

பதிப்பாளரைத் தேடலாமா என்றும் யோசித்தோம். பேச்சுவார்த்தைக்கே மாதங்கள் போகும், வருமானத்திலும் பங்கு போகும் என்பதால் அதைத் தொடரவில்லை.

கடைப்பக்கத்தை மாற்றியது

ஓவியர் கேப்ஸ்யூலைப் புதிதாக வரைந்தார். ஒரு கை, அது பிடித்திருக்கும் சிவப்பு லீவர், பின்னால் சன்னலில் ரயிலின் விளக்கொளி. பெயர் தடித்த எழுத்தில். கேப்ஸ்யூலில் கேமின் ஓவியமும் பெயரும் தவிர மேற்கோள், விருதுச் சின்னம், தள்ளுபடி வாசகம் எதுவும் போடக்கூடாது என்பது 2022 செப்டம்பரிலிருந்து ஸ்டீமின் விதி. வாசகத்தால் ஈடுகட்ட வழியில்லை. படமே பேச வேண்டும்.

குறுவிவரணையை இப்படி மாற்றினோம்: "நீராவி ரயில் காலத்து சிக்னல் கேபின். 24 லீவர்கள், ஓர் இரவு. மணி அடித்தால் ரயில் வருகிறது. வழிவிடுவது உங்கள் கை." ட்ரெய்லர் லீவர் விழும் சத்தத்தோடு தொடங்கியது, மூன்றாம் நொடியில் ரயில் கடக்கும், குழுவின் சின்னம் கடைசிக்குப் போனது. திரையைப் பதிவு செய்ய ஓபிஎஸ் மென்பொருள், வெட்டி ஒட்ட டாவின்சி ரிசால்வின் இலவசப் பதிப்பு. காசு செலவில்லை, நான்கு வார இறுதிகள் செலவாயின.

மறுபடி வேறு மூன்று பேரிடம் பத்து நொடி காட்டினோம். மூவருமே "ரயிலுக்கு சிக்னல் போடுவது" என்றார்கள்.

எங்கே பதிவிட்டோமோ அங்கே, வருபவர் எங்கிருந்து வந்தார் என்று காட்டும் தனித்தனி யுடிஎம் குறியோடு இணைப்பு கொடுக்கவும் இந்தச் சமயத்தில்தான் தொடங்கினோம். எந்த இணைப்பிலிருந்து எத்தனை பேர் வந்து, எத்தனை பேர் விஷ்லிஸ்டில் சேர்த்தார்கள் என்று ஸ்டீமே கணக்குக் காட்டும். ஊகத்தை நிறுத்தியது இந்த ஒரு பழக்கம்தான். பின்னால் எடுத்த முடிவுகளெல்லாம் இந்தக் கணக்கிலிருந்து வந்தவை.

ரயில் ஆர்வலர்களிடம் போனது, முதல் தவறு

பக்கம் சரியானதும் நிரலாளர் உற்சாகத்தில் பழைய ரயில் சிக்னல்கள் பற்றிய ஓர் இணையக் குழுவில் சேர்ந்து, சேர்ந்த அன்றே ட்ரெய்லரைப் போட்டார். அரைமணி நேரத்தில் பதிவு நீக்கப்பட்டது. "விளம்பரத்துக்கு இங்கே இடமில்லை" என்று நிர்வாகியின் எச்சரிக்கை வந்தது. நியாயமான எச்சரிக்கை. அந்தக் குழுவில் ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியர்களும், இடிக்கப்பட்ட கேபின்களின் படங்களைத் தேடிச் சேர்ப்பவர்களும் பல ஆண்டாகப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் வீட்டுக்குள் செருப்போடு நுழைந்தோம்.

நிரலாளர் நிர்வாகியிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு இரண்டு வாரம் எதுவும் எழுதாமல் படித்தார். படிக்கப் படிக்க அவர் கேமே அவருக்கு வேறாகத் தெரிய ஆரம்பித்தது. பாயின்ட்களையும் கைகாட்டிகளையும் ஒன்றோடொன்று பூட்டி, முரணான வழிகளை ஒரே நேரத்தில் திறக்க முடியாதபடி செய்யும் இன்டர்லாக்கிங் முறைக்கு 1856-இல் ஜான் சாக்ஸ்பி காப்புரிமை பெற்றார் என்பதெல்லாம் அவருக்கு முன்பே தெரியும். அந்தப் பூட்டைக் கையால் உணர்ந்தவர்கள் அதைப் பற்றி எப்படிப் பேசுகிறார்கள் என்பது தெரியாது. "லீவர் வராது என்று தெரிந்தபின் இழுத்துப் பார்க்கிறவன் புது ஆள்" என்ற மாதிரியான பேச்சு அது.

பிறகு நிர்வாகியிடம் அனுமதி கேட்டு ஒரு கேள்வியை மட்டும் போட்டார். லீவர் வரிசையின் ஒரு படம், கீழே: "பிரிட்டிஷ் முறையைப் பின்பற்றி வரைந்திருக்கிறோம். நிறுத்தும் கைகாட்டிக்குச் சிவப்பு, முன்னறிவிக்கும் டிஸ்டன்ட் கைகாட்டிக்கு மஞ்சள், பாயின்ட்டுக்குக் கறுப்பு, பாயின்ட் பூட்டுக்கு நீலம், பயன்பாட்டில் இல்லாததற்கு வெள்ளை. எங்கே தவறு?" கடை இணைப்பு கொடுக்கவில்லை.

பதில்கள் கொட்டின. அவற்றில் ஒன்று, பல ஆண்டு கேபினில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒருவருடையது. நிறங்கள் சரி என்றவர், நாங்கள் போட்டிருந்த சிறு அசைபடத்தைக் கவனித்து ஒன்றைச் சுட்டிக்காட்டினார்: நிறுத்தும் கைகாட்டிகள் எல்லாம் இறங்காத நிலையில் டிஸ்டன்ட் கைகாட்டி இறங்குகிறது. இது நடக்கவே கூடாது. டிஸ்டன்ட் இறங்கியிருந்தால், முன்னால் எல்லா கைகாட்டியும் வழிவிட்டிருக்கிறது என்று நம்பி ஓட்டுநர் வேகத்தைக் குறைக்காமல் வருவார். "உங்கள் கேபினில் ரயில் கவிழும்" என்று முடித்திருந்தார்.

நிரலாளர் அதை மறதியால் விட்டிருக்கவில்லை. புதியவர்களுக்குக் கடினமாக இருக்குமே என்று வேண்டுமென்றே தளர்த்தியிருந்தார். சரியான பூட்டைப் போட்டால் மூன்றாம் இரவு மிகக் கடினமாகிவிடும். விடுவதா, திருத்துவதா? சாதாரண ஆட்டக்காரருக்கு வித்தியாசமே தெரியாது. ஆனால் இந்த ஆட்டத்தை உயிராக நேசிக்கப் போகிறவர்களுக்கு அந்த ஒரு பூட்டில்தான் எல்லாம் இருக்கிறது என்று மூவருக்கும் தோன்றியது. திருத்தினோம். பூட்டியிருக்கும் லீவரைத் தொட்டால் எந்த லீவர் அதைப் பிடித்திருக்கிறது என்று காட்டும் சிறு விளக்கு ஒன்றைச் சேர்த்ததில் கடினமும் குறைந்தது.

நான்காம் நாள், திருத்துவதற்கு முன்பும் பின்பும் எப்படி இயங்குகிறது என்று இருபது நொடிப் படம் ஒன்றை அதே உரையாடலின் கீழே போட்டு, அவருக்கு நன்றி சொன்னார். இணைப்பு எங்கே என்று அவர்களே கேட்டார்கள். நிர்வாகி அனுமதித்தார். ஐந்து மாதப் பதிவுகள் சேர்த்ததைவிட அதிகமானோர் அந்த ஒரு வாரத்தில் விஷ்லிஸ்டில் சேர்ந்தார்கள். அந்தப் பெரியவரின் பெயர், அவர் சம்மதத்தோடு, கேமின் நன்றிப் பக்கத்தில் இருக்கிறது.

டெமோ

டெமோவை முதலில் அந்தக் குழுவிலிருந்து முன்வந்த முப்பது பேருக்கு மட்டும் கொடுத்தோம். சிலர் ஆடும்போது திரையைப் பதிவு செய்து அனுப்பினார்கள். இருவர் நேரலையில் ஆடிக்காட்டினார்கள். நாங்கள் வாய் திறக்கக் கூடாது என்பது விதி. நிரலாளருக்கு அது மிகக் கடினமாக இருந்தது. ஆட்டக்காரர் தப்பான லீவரைத் தேடும்போதெல்லாம் அவர் கை மைக்கை நோக்கிப் போகும்.

ரயில் ஆர்வலர்கள் ஒரு இடத்திலும் தடுமாறவில்லை. அதை வெற்றி என்று எடுத்துக்கொண்டது என் பிழை. பொதுவில் டெமோவைத் திறந்ததும், ரயில் தெரியாதவர்கள் ஏழாம் எட்டாம் நிமிடத்தில் வெளியேறுவது ஸ்டீம் காட்டிய ஆடிய நேரக் கணக்கிலேயே தெரிந்தது. அந்த இடத்தில்தான் மணிக் குறியீடுகள் வருகின்றன. கவனம் கேட்க ஒரு அடி. விரைவுப் பயணி ரயிலுக்கு வழி கிடைக்குமா என்று கேட்க நான்கு அடி. ரயில் பகுதிக்குள் நுழைந்தது என்றால் இரண்டு. வெளியேறியது என்றால் இரண்டு, இடைவெளி விட்டு ஒன்று. இவற்றை ஒரே திரையில் சொல்லிவிட்டு மனப்பாடமாக வைத்துக்கொள்ளச் சொல்லியிருந்தோம். குழுவில் இருந்தவர்களுக்கு அது ஏற்கெனவே தெரிந்த பாடம்.

மணிக் குறியீட்டு அட்டை ஒன்றை கேபின் சுவரிலேயே மாட்டினோம். எப்போது வேண்டுமானாலும் பார்த்துக்கொள்ளலாம். முதல் இரவில் இரண்டு குறியீடு போதும் என்று குறைத்தோம். வெளியேறுபவர்கள் கண்கூடாகக் குறைந்தார்கள். டெமோவின் முடிவையும் மாற்றினோம். முன்பு "ஆடியதற்கு நன்றி" என்று முடிந்தது. இப்போது இரவு முடிந்து விளக்கை அணைக்கப் போகும்போது மணி நான்கு முறை அடிக்கும். அந்த இடத்தில் திரை நிற்கும். விஷ்லிஸ்ட் பொத்தான் வரும். ஓவியரின் யோசனை அது. விளம்பரத்துக்காக நாங்கள் செய்த எல்லாவற்றிலும் நான் மிகவும் மதிப்பது இதைத்தான்.

கடிதங்களும் கீ கேட்டவர்களும்

கடைப்பக்கத்துக்கு நடமாட்டம் வந்ததும் மின்னஞ்சல்களும் வந்தன. லட்சக்கணக்கில் பார்வையாளர் உள்ளவர்கள் என்று சொல்லிக்கொண்டு இலவசக் கீ, அதாவது கேமைத் தங்கள் கணக்கில் சேர்த்துக்கொள்ளும் குறியீடு, கேட்டவை பெரும்பாலானவை. இரண்டு, மூன்று, ஐந்து கீ என்று கேட்டார்கள். முன்வெளியீட்டுப் பதிப்புக்கான கீகள் தயாராக இருந்ததால் இருபதுக்கு மேல் கொடுத்துவிட்டார் ஓவியர். ஒரு காணொளிகூட வரவில்லை. பிறகு சரிபார்த்தபோது, அந்தச் சேனல்களின் அறிமுகப் பக்கத்தில் உள்ள முகவரியும் எங்களுக்கு எழுதிய முகவரியும் ஓர் எழுத்தில் வேறுபட்டிருந்தன. சில கீகள் மறுவிற்பனைத் தளத்தில் கிடந்தன. ஆக்டிவேட் ஆகாதவற்றை ரத்து செய்தோம். அதன்பிறகு ஒரே பதில்தான்: டெமோ எல்லாருக்கும் திறந்திருக்கிறது, முதலில் அதை ஆடுங்கள். ஸ்டீமில் கேம்களைப் பரிந்துரைக்கும் கியூரேட்டர்களுக்கு ஸ்டீமுக்குள்ளேயே பிரதி அனுப்பும் கியூரேட்டர் கனெக்ட் வழி உண்டு. அதில் கீயே தேவையில்லை.

நாங்களாக எழுதிய கடிதங்கள் அறுபது. ஒரே கடிதத்தை அறுபது பேருக்கு அனுப்பவில்லை. ஒவ்வொருவரின் இரண்டு காணொளியையாவது பார்த்து, அவர்கள் எதை ரசிக்கிறார்கள் என்று தெரிந்து, முதல் வரியை அதிலிருந்து எழுதினோம். ஒரு அசைபடம், இரண்டு வரி, டெமோ இணைப்பு, படங்களும் விவரங்களும் உள்ள ஒரு பக்கம். பதில் வராதவர்களுக்குப் பத்து நாள் கழித்து ஒரே ஒரு நினைவூட்டல். பெரும்பாலோர் பதில் போடவில்லை. அதில் வருத்தப்பட ஒன்றுமில்லை; அவர்கள் பெட்டிக்கு தினமும் எத்தனை கடிதம் வரும் என்பதை எங்கள் பெட்டியிலிருந்தே ஊகிக்க முடிந்தது.

பலவகைக் கேம்கள் ஆடும் பெரிய ஸ்ட்ரீமர் ஒருவர் இருபது நிமிடம் ஆடினார். அன்று மாலை மூவரும் திரை முன்னால் உட்கார்ந்திருந்தோம். பார்த்தவர்கள் ஏராளம்; விஷ்லிஸ்ட் அசையவே இல்லை என்று சொல்லலாம். இரண்டு வாரம் கழித்து, ரயில் சிமுலேட்டர்கள் மட்டும் ஆடும் சிறிய யூடியூப் சேனல் ஒன்று முழு டெமோவையும் ஒன்றேகால் மணி நேரம், பொறுமையாக, ஒவ்வொரு பூட்டையும் விளக்கி ஆடியது. பார்வையாளர் எண்ணிக்கையில் முன்னவருக்குப் பக்கத்தில்கூட வராது. யுடிஎம் கணக்கில் அந்த ஒரு காணொளி மற்ற எல்லாக் காணொளிகளையும் சேர்த்ததைவிட முன்னால் நின்றது.

ஸ்ட்ரீமர்களால் ஒரே இரவில் எல்லாம் மாறும் என்று சொல்பவர்கள் 'அமாங் அஸ்' கேமைக் காட்டுவார்கள். 2018-இல் வெளியாகி, 2020-இல் ஸ்ட்ரீமர்கள் எடுத்து ஆடியபின்தான் அது உலகமெங்கும் பரவியது. உண்மைதான். ஆனால் நடுவே இருந்த இரண்டு ஆண்டு அதன் உருவாக்குநர்கள் அதை விடாமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்படி ஒரு அலைக்காகக் காத்திருப்பதைத் திட்டம் என்று என்னால் எழுதிவைக்க முடியவில்லை.

விழாவும் வெளியீடும்

நெக்ஸ்ட் ஃபெஸ்டுக்குள் போகும்போது டெமோ இரண்டு மாதம் வெளியில் இருந்து அடிபட்டுத் தேறியிருந்தது. அந்த வாரம் புதிதாக எதையும் செய்யவில்லை. ஆட்டக்காரர்கள் எழுதியதற்கெல்லாம் பதில் சொன்னோம்; ஓவியர் இரண்டு மாலை நேரலையில் லீவர் ஒலிகளை எப்படிப் பதிவு செய்தார் என்று காட்டினார். வார முடிவில் விஷ்லிஸ்ட் இரண்டு மடங்குக்கு மேல் ஆகி, சில ஆயிரங்களில் நின்றது. பெரிய கேம்களின் கணக்கில் இது ஒன்றுமில்லை. இருநூறிலிருந்து வந்தவர்களுக்கு அது வேறு.

வெளியீட்டுத் தேதியை ஸ்டீமின் பருவ விற்பனைகளுக்கு இடையே வைத்தோம். அந்தத் தேதிகளை வால்வ் முன்கூட்டியே அறிவித்துவிடுகிறது. வெளியான ஒரு மணி நேரத்தில், மிக அகலமான திரைகளில் கேம் நின்றுபோகிறது என்று தெரிந்தது. எங்கள் மூவரிடமும் அப்படித் திரை இல்லை; சோதிக்கவே இல்லை. நிரலாளர் விடுப்பு எடுத்திருந்ததால் மாலைக்குள் சரிசெய்தார். அதற்குள் இரண்டு எதிர்மறை விமர்சனம். இருவருக்கும் பதில் எழுதினோம். ஒருவர் தன் விமர்சனத்தை மாற்றினார், மற்றவர் மாற்றவில்லை.

பத்து விமர்சனம் வந்தால்தான் ஸ்டீம் ஒட்டுமொத்த மதிப்பீட்டைக் காட்டும். நண்பர்களுக்குக் கீ கொடுத்து எழுதச் சொல்லலாமா என்று முன்பு ஒரு பேச்சு இருந்தது. அது நேர்மையாகாது என்பது ஒரு புறம். கீ மூலம் பெற்றவர்களின் விமர்சனம் 2016-இலிருந்து மதிப்பீட்டுக் கணக்கில் சேர்வதும் இல்லை. விட்டுவிட்டோம். இரண்டாம் நாள் காலை பத்தைத் தாண்டியது. எழுதியவர்கள் யாரும் எங்களுக்குத் தெரிந்தவர்கள் அல்ல. அவர்களில் நான்கு பேர் டிஸ்டன்ட் கைகாட்டியின் பூட்டைக் குறிப்பிட்டிருந்தார்கள்.

விளைவு

கட்டிய 100 டாலர் திரும்பி வந்தது. விற்பனை 1,000 டாலரைத் தாண்டினால் ஸ்டீம் அதைத் திருப்பித் தரும். கடையின் 30 விழுக்காடும் வரியும் போக மிஞ்சியது, இருவரும் வேலையை விடும் அளவுக்கு இல்லை. விடவும் இல்லை. அடுத்த கேமுக்கு ஒலிப்பதிவுக் கருவியும், ஒரு மொழிபெயர்ப்பாளருக்கு முறையான ஊதியமும் கொடுக்கப் போதுமானதாக இருந்தது. ஆறு மாதம் கழித்தும் மாதாமாதம் சிறிதாக விற்கிறது. 20 விழுக்காடு தள்ளுபடி தந்தபோது விஷ்லிஸ்டில் இருந்தவர்களுக்கு மறுபடி மின்னஞ்சல் போனது. வெளியீட்டுக்குப் பிறகு அதிகம் விற்ற வாரம் அதுதான்.

பணம் செலவாகவில்லை என்பதை மட்டும் சொல்லி நிறுத்தினால் இந்த ஆய்வு பொய்யாகிவிடும். ஐந்து மாதத்தில் மூவரும் சேர்ந்து விளம்பரத்துக்குச் செலவிட்ட நேரத்தை நான் குறித்துவைத்தேன். நானூறு மணி நேரத்தைத் தாண்டியது. ஓவியருக்கு வெளியீட்டுக்கு மூன்று வாரம் முன்பு மணிக்கட்டு வலி வந்து பத்து நாள் எதையும் தொடவில்லை. ஆறு மணி நேர வரம்பை நாங்கள் மதித்திருந்தால் அது நேர்ந்திருக்காது என்று நினைக்கிறேன். சிறு குழுவுக்கு உதவப் போகும் எவரும் இந்தக் கணக்கை முதல் நாளே கேட்க வேண்டும் என்று வலியுறுத்திச் சொல்வேன்.

இனி மாற்றிச் செய்வது

அடுத்த கேமின் முன்மாதிரி இப்போது தயாராக இருக்கிறது. இதை யார் ஆடுவார்கள், அவர்கள் ஏற்கெனவே எங்கே பேசிக்கொண்டிருக்கிறார்கள் என்ற கேள்வியைக் கடைப்பக்கம் திறப்பதற்கு முன்பே கேட்டிருக்கிறோம். நிரலாளர் அந்த இடங்களில் மூன்று மாதமாக உறுப்பினராக இருக்கிறார். தன் கேமைப் பற்றி இதுவரை ஒரு வரிகூட எழுதவில்லை.

டெமோவை முதலில் பார்ப்பவர்களில் பாதிப்பேர் அந்தத் துறை தெரியாதவர்களாக இருக்க வேண்டும் என்று வைத்திருக்கிறோம். ரயில் தெரிந்தவர்களை மட்டும் வைத்துச் சோதித்து நான் செய்த பிழைக்கு, பொது டெமோவின் முதல் இரண்டு வாரத்தில் வந்தவர்களை இழந்தோம். கேமைத் திறந்து எட்டு நிமிடத்தில் மூடியவர்கள் திரும்பி வருவது அரிது.

கடைப்பக்கத்தை மட்டுமாவது வேறு மொழிகளில் வைத்திருக்க வேண்டும். கேம் முழுவதையும் மொழிபெயர்ப்பது வேறு வேலை. பக்கம் சில பத்திகள்தான். எந்தெந்த நாட்டிலிருந்து விஷ்லிஸ்ட் வருகிறது என்று ஸ்டீம் காட்டிக்கொண்டே இருந்தும் அதைப் பார்த்துச் செயல்படவில்லை. வெளியான பிறகு குழுவிலிருந்து ஒருவர் ஜெர்மன் பக்கத்தை இலவசமாகச் செய்து தந்தார். அடுத்த முறை ஊதியம் கொடுத்தே செய்வது என்று இருவரும் முடிவு செய்திருக்கிறார்கள்.

கடைசியாக ஒன்று, எங்களில் யாருக்குமே தோன்றாதது. வெளியாகி ஒரு மாதம் கழித்து ஒருவர் எழுதினார். அவருக்குக் காது கேட்காது. தாத்தா கேபினில் வேலை பார்த்தவர் என்பதால் ஆசையாக வாங்கியிருக்கிறார். மணி அடிப்பது தெரியாததால் முதல் இரவையே தாண்ட முடியவில்லை. பணத்தைத் திரும்பக் கேட்கவில்லை. ஏதாவது வழி உண்டா என்று மட்டும் கேட்டிருந்தார். மணியின் ஒவ்வொரு அடிக்கும் கருவியின் மேல் ஒரு விளக்கு மின்னும்படி செய்ய நிரலாளருக்கு ஒரு மாலைதான் ஆனது. அந்த வசதி இப்போது கடைப்பக்கத்தின் விவரணையில், மூன்றாவது வரியில் இருக்கிறது.